பேய்ப்படத்தின் பின்னே எழுவர்

பேய்க் கதை கேட்டு அஞ்சாத குழந்தை இல்லை. அஞ்சிய பிறகு இன்னொரு கதை சொல்லுமாறு கேட்காத குழந்தையும் இல்லை. அச்சம் மனிதனுக்கு வேண்டாத உணர்ச்சிதான். ஆயினும் தனக்குத் தீங்கு நேராது என்ற உறுதியோடு கிடைக்கும் அச்சத்தை அவன் விலை கொடுத்தும் வாங்குகின்றான். நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தபோது அச்சத்தையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். அஃது அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறைவன் என்னும் நான்கினால் பிறக்கும் என்றும் கூறினார். அந்த நான்கனுள் அணங்கை முதலில் வைத்ததை நாம் கவனிக்க வேண்டும். புலியையும் திருடனையும் கண்ணால் காணலாம். அணங்கைக் காண இயலாது. காண இயலாத ஒன்றைக் கண்ணுக்கும் காதுக்கும் உரிய கலையாகிய திரைப்படத்தில் எப்படிக் கொண்டுவருவது? இந்தக் கேள்விக்கு விடை தேடுவோர் இன்று பெரிய படநிலையங்களில் மட்டும் இல்லை. கல்லூரி மாணவர்களிடையேயும் இருக்கின்றனர்.

திரைப்படக் கலை பயிலும் மாணவர்களுக்குப் பாடம் சொல்லுவது என் தொழில். ஆண்டின் இறுதியில் மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து, பத்து நிமிடத்திற்கு மேற்படாத ஒரு படத்தை எடுத்துத் தர வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஒரு குழுவேனும் பேய்ப்படம் எடுக்க முன்வருகின்றது. அதற்குக் காரணமும் இருக்கின்றது. ஒரு வீடு, ஓர் இரவு, ஒரு நடிகை இருந்தால் போதும், படம் ஆகிவிடும் என்று அவர்கள் எண்ணுகின்றனர். செலவு குறைவு என்பது உண்மையே. உழைப்பு குறைவு என்பது உண்மையன்று. சிரிக்கவைக்கும் காட்சி சற்றுப் பிசகினால் புன்னகையாவது மிஞ்சும். அஞ்சவைக்கும் காட்சி பிசகினால் எஞ்சுவது நகைப்பே. அதனால், ஒரு படப்பிடிப்புக் குழுவில் யார் யாருக்கு என்ன பொறுப்பு என்பதைக் கற்பிக்கப் பேய்ப்படத்தைவிட நல்ல பாடநூல் இல்லை என்பது என் கருத்து. அண்மையில் நான் உடனிருந்து கண்ட ஒரு மாணவர் படத்தைக் கொண்டே இதனை விளக்க விரும்புகின்றேன்.

அந்தக் குழுவில் எழுவர் இருந்தனர். இயக்குநர் ஒருவர், தயாரிப்புப் பொறுப்பாளர் ஒருவர், கதை எழுதியவர் ஒருவர், ஒளிப்பதிவாளர், ஒலிப்பதிவாளர், உதவி இயக்குநர், படத்தொகுப்பாளர் என ஏழு பொறுப்புகள். நாடகக் குழு ஒன்றிலிருந்து நடிக்க வந்த இளம்பெண் எட்டாமவர். கதை எளியது. பாட்டி இறந்து பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீட்டைத் துப்புரவு செய்யப் பேத்தி ஒருத்தி தனியே வருகின்றாள். இரவில் பின்கட்டிலிருந்து ஆட்டுக்கல் சுற்றும் ஓசை கேட்கின்றது. எழுந்து போய்ப் பார்க்கின்றாள். அங்கே யாரும் இல்லை. விடிந்த பிறகு பார்த்தால், உலர்ந்து கிடந்த கல்லில் ஈர மாவு இருக்கின்றது. இவ்வளவுதான் கதை. செங்கற்பட்டுக்கு அருகில் ஒரு சிற்றூரில் இதற்கேற்ற வீடு கிடைத்தது. மூன்று இரவுகளில் படப்பிடிப்பை முடிக்க வேண்டும் என்று திட்டம் வகுத்தனர்.

முதலில் தயாரிப்புப் பொறுப்பாளரின் பணியைக் கூறுகின்றேன். படம் பார்ப்போர் இவரை எண்ணுவதே இல்லை. பணம் கொடுப்பவர் தயாரிப்பாளர் என்பது பொதுவான எண்ணம். மாணவர் படத்தில் கொடுப்பதற்குப் பணம் ஏது? இந்த மாணவி செய்த வேலை என்னவென்று கேளுங்கள். வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி பெற்றார். அவ்வூர்க் காவல் நிலையத்தில் தெரிவித்தார். அந்த வீட்டின் மின்கம்பிகள் மிகப் பழையவை என்பதைக் கண்டு, விளக்குகளுக்குத் தனியே ஜெனரேட்டர் ஏற்பாடு செய்தார். நள்ளிரவில் ஒரு பெண்ணின் அலறல் கேட்டால் அக்கம்பக்கத்தார் தடியோடு ஓடி வருவார்கள் அல்லவா? ஆகவே தெருவில் வீடுவீடாகச் சென்று, "மூன்று நாள் இராத்திரி சத்தம் வரும், பயப்பட வேண்டாம்" என்று சொல்லிவந்தார். இவற்றுள் ஒன்றைச் செய்யத் தவறியிருந்தாலும் முதல் இரவே படப்பிடிப்பு நின்றிருக்கும்.

தயாரிப்புப் பொறுப்பில் சிறு தவறு எவ்வளவு பெரிய இழப்பைத் தரும் என்பதற்கு அமெரிக்கப் படம் ஒன்று சான்று. ஜார்ஜ் ரொமேரோ என்பவர் 1968-ஆம் ஆண்டில் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' என்ற படத்தை வெளியிட்டார். பிட்ஸ்பர்க் நகரத்து நண்பர்கள் சிலர் சேர்ந்து மிகக் குறைந்த செலவில் எடுத்த படம் அது. வெளியிடும் வேளையில் படத்தின் பெயரை மாற்றினார்கள். பழைய தலைப்போடு இருந்த பதிப்புரிமைக் குறிப்பைப் புதிய தலைப்பில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். அக்காலத்து அமெரிக்கச் சட்டப்படி அந்த ஒரு வரி இல்லாத படம் பொதுச் சொத்து. யார் வேண்டுமானாலும் படியெடுத்து விற்கலாம் என்றாகிவிட்டது. உலகம் முழுவதும் மக்களை நடுங்கவைத்த படத்தை எடுத்தவர்களுக்கு அதனால் வரவேண்டிய பொருளில் பெரும்பகுதி வராமற் போயிற்று. பேயைவிடப் பத்திரம் அஞ்சத் தக்கது என்று என் மாணவர்களுக்கு நான் வேடிக்கையாகச் சொல்லுவதுண்டு.

கதை எழுதிய மாணவிக்கு எழுத்தோடு வேலை முடிந்துவிடவில்லை. தயாரிப்புப் பொறுப்பாளரோடு அவரும் தெருவில் வீடுவீடாகச் சென்றிருந்தார். ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டி, கதையைக் கேட்டுவிட்டு, "விளக்கு வைத்த வீட்டில் வெறுங்கல்லைச் சுற்றாதே, அம்மா. வெறுந்தொட்டிலை ஆட்டுவதும் அதுவும் ஒன்றுதான்" என்றார். மாணவி அந்தச் சொல்லை மறக்கவில்லை. அன்று மாலையே கதையின் தொடக்கத்தில் ஒரு சிறு காட்சியைச் சேர்த்தார். சாவியைக் கொடுக்கும் பக்கத்து வீட்டுக்காரி அதே எச்சரிக்கையைப் பேத்தியிடம் சொல்லுகின்றாள். பேத்தி சிரித்துக்கொண்டே குழவியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே போகின்றாள். அதுவரை அக்கதையில் ஓசை வந்தது. ஆனால் அது வருவதற்குக் காரணம் இல்லை. இப்போது காரணம் கிடைத்துவிட்டது. அச்சம் எங்கிருந்தோ வந்து விழுவதைவிட, நாமே அறியாமல் கதவைத் திறந்துவிட்டோமோ என்று ஐயுறுமாறு வருவது வலிமை மிக்கது.

அதே மாணவி படப்பிடிப்பில் தொடர்ச்சியைக் கவனிக்கும் பொறுப்பையும் ஏற்றிருந்தார். திரைப்படம் கதையின் வரிசைப்படி எடுக்கப்படுவதில்லை. வெள்ளிக்கிழமை எடுத்த காட்சியை அடுத்து வரும் காட்சி ஞாயிற்றுக்கிழமை எடுக்கப்படலாம். முதலில் வலக்கையில் இருந்த செம்பு அடுத்த காட்சியில் இடக்கையில் இருந்தால் மற்றப் படங்களில் அது சிறு குறை; பலர் கவனிக்கவும் மாட்டார்கள். பேய்ப்படத்தில் அப்படியன்று. பார்ப்பவர் ஏற்கெனவே ஒவ்வொரு பொருளையும் ஐயத்தோடு நோக்குகின்றார். செம்பு ஓரடி தள்ளியிருந்தால், அதைப் பேய் நகர்த்தியது என்று முடிவு செய்துவிடுவார். பிறகு அந்தப் பேய்க்கும் கதைக்கும் தொடர்பில்லை என்று தெரியும்போது அவருடைய நம்பிக்கை குலைந்துபோகும். ஆகவே அம்மாணவி விளக்கில் எண்ணெய் எவ்வளவு இருந்தது, சடையில் எத்தனை முடி பிரிந்திருந்தது, கதவு எவ்வளவு திறந்திருந்தது என்றெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். கைப்பேசியில் படமும் பிடித்துவைத்துக்கொண்டார்.

இனி ஒளிப்பதிவாளருக்கு வருவோம். இருட்டைக் காட்ட வேண்டுமானால் விளக்கை அணைத்தால் போதும் என்று பயிலாதவர் நினைப்பர். விளக்கை அணைத்து எடுத்தால் காமிராவில் இருள் பதிவதில்லை. புள்ளி புள்ளியாகச் சாம்பல் நிறமே பதியும். இருளைக் காட்டுவதற்கும் ஒளி வேண்டும். அந்த ஒளி முகத்திற்கு நேரே வராமல் ஒரு பக்கத்திலிருந்து வரவேண்டும். மறுபக்கத்தை நிழலுக்கு விட்டுவிட வேண்டும். நடிகையின் கையில் அரிக்கேன் விளக்கு இருந்தது. ஆனால் அவர் முகத்தில் படிந்த ஒளி பெரும்பாலும் அதிலிருந்து வந்ததன்று. கதவுக்குப் பின்னால் மறைத்துவைத்திருந்த சிறு விளக்கிலிருந்து வந்தது. வெள்ளைத் தெர்மோகோல் தட்டி ஒன்று அந்த ஒளியை மென்மையாக்கியது. பின்கட்டில் சாம்பிராணிப் புகையிட்டு, சன்னல் வழியே நீல ஒளி பாய்ச்சி நிலவை உண்டாக்கினர்.

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல முன்னோடி உண்டு. 1949-இல் பம்பாய் டாக்கீஸ் வெளியிட்ட 'மஹல்' என்ற இந்திப் படத்தைக் குறிப்பிடலாம். கமல் அம்ரோஹி இயக்கிய முதற் படம் அது. பாழ் மாளிகையும் ஆவியோ பெண்ணோ என்று மயங்கச் செய்யும் உருவமும் அதன் கதைப்பொருள். அதற்கு ஒளிப்பதிவு செய்தவர் ஜோசப் விர்ஷிங் என்ற செருமானியர். படத்தைத் தொகுத்தவர் பின்னாளில் பேரியக்குநராக விளங்கிய பிமல் ராய். இசையமைத்தவர் கேம்சந்த் பிரகாஷ். இயக்குநர் புதியவராக இருந்தபோதிலும், ஒளிக்கும் தொகுப்புக்கும் இசைக்கும் தேர்ந்த கைகள் அவருக்கு வாய்த்திருந்தன. அந்தப் படத்தின் அச்சத்தை இவர்களுள் ஒருவருக்கு மட்டும் உரியது என்று பிரித்துச் சொல்ல இயலுமா?

ஒளிக்கு அடுத்தது ஒலி. பேய்ப்படத்தைப் பொறுத்தவரை ஒலியை முதலில் சொல்லியிருக்கலாம். கண்ணை மூடிக்கொள்ளலாம், காதைப் பொத்திக்கொண்டாலும் ஓசை முழுவதும் நிற்பதில்லை. படமும் ஒலியும் தனித்தனிக் கருவிகளில் பதிவாவதால், ஒவ்வொரு காட்சித் துணுக்கின் தொடக்கத்திலும் கிளாப் பலகையைத் தட்டுகின்றோம். பலகைகள் சேரும் படத்தையும் அந்தத் 'தட்' என்ற ஓசையையும் பொருத்தினால் மற்றவை தாமே பொருந்திவிடும். இது யாவரும் அறிந்தது. பலரும் அறியாதது ஒன்றுண்டு. ஒவ்வோர் அறையிலும் ஒரு நிமிட நேரம் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, அந்த அறையின் வெறும் அமைதியை ஒலிப்பதிவாளர் பதிவு செய்துகொள்வார். ஓடுவேய்ந்த கூடத்தின் அமைதி வேறு. கிணற்றடியின் அமைதி வேறு. ஒலியே இல்லாத இடத்தைத் திரையில் விட்டால் மக்கள் அதனை அமைதி என்று கொள்ளமாட்டார்கள். கருவி பழுதாகிவிட்டது என்று கொள்வார்கள்.

எங்கள் ஒலிப்பதிவாளர் ஆட்டுக்கல்லின் ஓசையை இரண்டு வகையாகப் பதிவு செய்தார். வெறுங்கல்லில் குழவியைச் சுற்றினால் வறண்ட உராய்வு எழும். கேட்பவர் பல்லைக் கூசச் செய்யும். ஊறவைத்த அரிசியை இட்டுச் சுற்றினால் ஈரமான, தாழ்ந்த ஓசை வரும். அது நம் வீடுகளில் பழகிய ஓசை. படத்தில் பேத்தி படுக்கையில் கேட்பது முதலில் வறண்ட ஓசை. அவள் விளக்கை ஏற்றி நடந்து வர வர, அது சிறிது சிறிதாக ஈர ஓசையாக மாறுகின்றது. யாரோ கல்லில் அரிசி இட்டுவிட்டார்கள்! இதனைச் சொல்ல ஒரு சொல்லும் வேண்டியிருக்கவில்லை. கதையில் இல்லாத, இயக்குநரும் எண்ணாத இந்த நுட்பம், கல்லருகே அமர்ந்து காதால் ஆராய்ந்த ஒருவர் கொண்டுவந்தது.

பெரும்படங்களிலும் இவ்வாறே நடந்திருக்கின்றது. 1942-இல் வெளிவந்த 'கேட் பீப்பிள்' என்ற அமெரிக்கப் படத்தில் ஒரு பெண் இரவில் தனியே தெருவில் நடக்கின்றாள். பின்னால் காலடி ஓசை கேட்கின்றது. பிறகு அதுவும் நின்றுவிடுகின்றது. விலங்கு சீறியதுபோன்ற ஓசை ஒன்று திடீரென எழ, நாம் துள்ளிவிடுகின்றோம். அது பேருந்து வந்து நின்ற ஓசை! தயாரிப்பாளர் வால் லூட்டன், இயக்குநர் ழாக் தூர்னர், தொகுப்பாளர் மார்க் ராப்சன் ஆகியோர் கூடி ஆக்கிய அந்த உத்தியை இன்றளவும் பேய்ப்படங்கள் பின்பற்றுகின்றன. 1960-இல் வந்த 'சைக்கோ' படத்தில் குளியலறைக் கொலைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் கருதினார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் நரம்புக் கருவிகளை மட்டும் கொண்டு இசை அமைத்துக் காட்டினார். ஹிட்ச்காக் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். அந்த இசை இல்லாத 'சைக்கோ'வை இன்று நம்மால் எண்ணிப்பார்க்கவும் இயலவில்லை. தம் கீழ்ப் பணிபுரிவோர் சொல்லுவதைக் கேட்கும் காது இயக்குநருக்கு வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இதுவரை கூறியவை கலைத்திறம் பற்றியவை. இனிக் கூறப்போவது அதனினும் முதன்மையானது.

இரண்டாம் இரவில் முக்கியமான காட்சியை எடுக்க வேண்டியிருந்தது. பேத்தி பின்கட்டுக்குள் நுழைகின்றாள். பரணிலிருந்து ஏதோ ஒன்று அவள் தோளைத் தொடுகின்றது. ஒத்திகையில் நடிகை அஞ்சுவதுபோல் நடித்தது இயக்குநருக்கு நிறைவளிக்கவில்லை. அவர் மெல்ல ஒரு யோசனை சொன்னார். ஒத்திகை என்று சொல்லி நடிகையை உள்ளே நடக்கவிடுவது, அவருக்குத் தெரியாமல் பரணில் ஒருவரை ஒளித்துவைத்துத் திடீரென்று பிடித்து இழுக்கச் செய்வது, காமிரா ஓடிக்கொண்டிருக்கும், மெய்யான அச்சம் படத்தில் பதிந்துவிடும் என்பது அவர் கருத்து. இளைஞருக்கு இத்தகைய ஆசை எழுவது வியப்பன்று. உதவி இயக்குநராக இருந்த மாணவி அதற்கு இணங்கவில்லை. "அவரிடம் சொல்லாமல் இந்தக் காட்சியை நான் தொடங்கமாட்டேன்" என்று உறுதியாகக் கூறினார்.

உதவி இயக்குநர் என்றால் இயக்குநருக்கு எடுபிடி என்று சிலர் எண்ணுகின்றனர். உண்மையில் படப்பிடிப்புத் தளத்தின் ஒழுங்குக்கும் அங்குள்ளோர் பாதுகாப்புக்கும் முதலில் பொறுப்பேற்பவர் அவரே. அவர் அமைதி கூறி, ஒலியும் காமிராவும் ஓடத் தொடங்கிய பிறகே இயக்குநரின் குரல் ஒலிக்கும். இயக்குநர் காட்சியை மட்டும் பார்க்கின்றார். அப்படிப் பார்ப்பதே அவர் கடமை. ஆகவே காட்சிக்கு வெளியே இருப்பவற்றைப் பார்க்க மற்றொருவர் வேண்டும். தரையில் கம்பிகள் ஓடுகின்றன. முற்றத்தில் நீர் தெளித்திருக்கின்றது. கையில் எரியும் விளக்கு இருக்கின்றது. அந்த நிலையில் திடுக்கிட்டுப் பின்வாங்கும் பெண் எங்கே விழுவார் என்று யார் சொல்ல முடியும்?

நான் அப்போது குறுக்கிட்டு ஆணையிடவில்லை. அவர்களே பேசி முடிவு காணட்டும் என்று காத்திருந்தேன். ஒளிப்பதிவாளரும் ஒலிப்பதிவாளரும் உதவி இயக்குநரின் பக்கம் நின்றனர். அவர்கள் சொன்ன காரணங்கள் தொழில் பற்றியவை. இருட்டில் எடுப்பதற்காக லென்சை முழுவதும் திறந்துவைத்திருப்பதால், தரையில் சுண்ணாம்புக் கட்டியால் இட்ட குறியிலிருந்து நடிகை அரையடி விலகினாலும் முகம் மங்கிவிடும் என்றார் ஒளிப்பதிவாளர். மெய்யாகவே திடுக்கிடுபவர் குறியைப் பார்த்தா திடுக்கிடுவார்? மூச்சொலியைப் பதிவதற்கு ஏற்றவாறு கருவியை வைத்திருப்பதால், எதிர்பாராத அலறல் முழுவதும் கரகரத்துப் பாழாகிவிடும் என்றார் ஒலிப்பதிவாளர். ஏமாற்று ஒரே முறைதான் பலிக்கும். அந்த ஒரு முறையும் படமாகாமற் போனால், எஞ்சுவது நடுங்கிப்போன ஒரு பெண்ணும் அவள் இழந்த நம்பிக்கையுமே. அறத்திற்கும் தொழிலுக்கும் முரண் இருப்பதாகப் பலர் பேசுகின்றனர். அன்று இரண்டும் ஒரே பக்கத்தில் நின்றதை நான் கண்டேன்.

அச்சத்தை விளையாட்டாகக் கருதலாகாது என்பதை நம் காப்பியமும் காட்டுகின்றது. மணிமேகலையில் சார்ங்கலன் என்னும் சிறுவன் சுடுகாட்டில் தனியே புகுந்து, அங்கே ஆடிய பேயைக் கண்டு அஞ்சி ஓடிவந்து, தாயின் முன்னே உயிர் விடுகின்றான். கதை கேட்கும் நமக்கு அச்சம் சுவையாகின்றது. சார்ங்கலனுக்கு அது சாவாயிற்று. அந்த வேறுபாட்டைக் காப்பதே கலை.

மெய்யான அச்சத்தையே படமாக்கியதாகப் பேசப்படும் படமொன்று உண்டு. அதுவே 1999-இல் வெளிவந்த 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்'. நடிகர் மூவரும் தாமே காமிராவை ஏந்திக் காட்டில் அலைந்தனர். அன்றன்று நடக்க வேண்டியதை இயக்குநர்கள் குறிப்பெழுதி வைத்துச் சென்றனர். அவர்களுங்கூட, பாத்திரத்தை விட்டு வெளியே வருவதற்கு ஒரு குறிச்சொல் வைத்திருந்தனர். நடிகர்கள் தாம் எதற்கு உடன்படுகின்றோம் என்பதை அறிந்தே காட்டுக்குள் சென்றனர். ஆனால் அப்படம் வேறொரு பாடமும் தருகின்றது. அவர்கள் தம் சொந்தப் பெயரிலேயே நடித்தனர். படம் பெரும்பொருள் ஈட்டியது. தமக்கு உரிய பங்கு கிட்டவில்லை என்று அவர்கள் நெடுங்காலம் வருந்தினர். 2024-ஆம் ஆண்டில் மூவரும் பகிரங்கக் கடிதம் எழுதி, உரிய ஊதியத்தையும், தம் பெயரும் உருவமும் பயன்படும்போது தம்மைக் கலந்துகொள்ளும் உரிமையையும் கோரினர். ஒத்துழைப்புக்கு உடன்பாடு வேண்டும். அந்த உடன்பாடு எழுத்திலும் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

எங்கள் படப்பிடிப்புக்குத் திரும்புவோம். நடிகையிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள். அவர் சற்று யோசித்துவிட்டு, "நான் கத்தவே வேண்டாமே, என் பாட்டி பின்னால் வந்து தொட்டால் எப்படி நிற்பேனோ அப்படி நிற்கின்றேன்" என்றார். அவ்வாறே நடித்தார். தோளில் கை பட்டதும் அவர் அலறவில்லை, திரும்பவும் இல்லை. மூச்சு மட்டும் நின்றது. கண்ணில் நீர் திரண்டது. அச்சமும் பாசமும் ஒரே முகத்தில் தோன்றின. மூன்று முறை எடுத்தனர். மூன்றும் நன்றாக வந்தன. ஒளித்துவைத்துப் பயமுறுத்தியிருந்தால் ஓர் அலறல் கிடைத்திருக்கும். இந்த முகம் கிடைத்திராது. இயக்குநராகிய மாணவர் இதனை மனமார ஒப்புக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். தம் யோசனையைக் கைவிடவும் தெரிந்தவரே இயக்குநராவதற்குத் தக்கவர்.

படத்தொகுப்பாளர் படப்பிடிப்புக்கு வரவில்லை. வரவேண்டாம் என்று நாங்களே தீர்மானித்திருந்தோம். ஒரு காட்சியை எடுக்கப் பட்ட பாட்டை அறிந்தவருக்கு அதனை வெட்ட மனம் வராது. பரணில் தெரியும் கிழ உருவத்தை எடுக்க ஓர் இரவில் பாதி கழிந்தது. ஒப்பனைக்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஆயிற்று. தொகுப்பாளர் அதைப் பார்த்து, "இந்த உருவம் வந்தவுடன் எனக்கு இருந்த பயம் போய்விடுகின்றது" என்றார். அவ்வுருவத்தை நீக்கினர். பதினொரு நிமிடம் இருந்த படம் எட்டு நிமிடமாயிற்று. சுற்றும் கல்லையும் காட்டவில்லை. ஓசையைக் கேட்கும் முகத்தையே காட்டினர். கல் காலையில்தான் கண்ணுக்குத் தெரிகின்றது. காணாத அணங்கு காணாமலே இருந்துவிட்டது.

ஒரு கைப்பேசி இருந்தால் தனி ஒருவரே படமெடுக்கலாமே, இத்தனை பேர் எதற்கு என்று இன்று பலர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. முன்பு குறிப்பிட்ட ரொமேரோ தம் படத்திற்குத் தாமே ஒளிப்பதிவு செய்தார், தாமே தொகுத்தார். தயாரித்த நண்பர்களே நடிக்கவும் செய்தனர். எங்கள் குழுவிலும் கதை எழுதியவரே தொடர்ச்சியைக் கவனித்தார். தயாரிப்புப் பொறுப்பாளரே ஆட்டுக்கல்லையும் அரிக்கேனையும் தேடிப் பிடித்தார். ஆள் குறையலாம், பொறுப்பு ஒன்றுகூட ஆளில்லாமல் இருத்தலாகாது. ஒருவரே இரண்டு பொறுப்பை ஏற்கும்போது, எவ்விரண்டைச் சேர்க்கலாம் என்பதையும் ஆராய வேண்டும். எழுத்தும் தொடர்ச்சியும் சேரலாம். இயக்கமும் பாதுகாப்பும் ஒருவரிடம் சேரக் கூடாது. விரைவாகப் போகவேண்டும் என்று விரும்புபவரிடமே நிறுத்தும் அதிகாரத்தையும் கொடுத்தால் வண்டி நிற்காது.

புனேயில் 1960-ஆம் ஆண்டு திரைப்படக் கல்லூரி தோன்றியது. இயக்கம், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு என்று தனித்தனியாகக் கற்பிக்கும் முறை அத்தகைய கல்லூரிகளால் நம் நாட்டில் வேரூன்றியது. அதற்கு முன் படநிலையங்களில் பெரியோரை அண்டி, ஆண்டுக்கணக்கில் உடனிருந்து கற்றனர். முறை எதுவாயினும் கற்க வேண்டியது ஒன்றே: என் வேலை எது, அது எங்கே முடிந்து மற்றவர் வேலை தொடங்குகின்றது, எப்போது நான் பேச வேண்டும் என்பதே அது. மாணவர் பலரும் இயக்குநராகவே விரும்பி வருகின்றனர். பெயர் விளங்குவது அவர்க்கே என்பது காரணம். எங்கள் படத்தை ஒரு போட்டிக்கு அனுப்பியபோது, விண்ணப்பத் தாளில் இயக்குநர் பெயர் ஒன்றை எழுதத்தான் இடம் இருந்தது. அந்த மாணவர் தனித்தாளில் எண்மர் பெயரையும் எழுதி இணைத்தார். போட்டியில் படத்திற்குப் பரிசு கிடைக்கவில்லை. அது குறித்து அவர்கள் வருந்தினர், நானும் வருந்தினேன்.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் விடுமுறையில் நண்பர்களோடு சேர்ந்து பேய்ப்படம் எடுக்கப் புறப்படலாம். தடுக்க வேண்டாம், நல்ல முயற்சிதான். ஆனால் புறப்படும்போது அவர்களிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். அஞ்சி நடிக்கப்போகிறவருக்கு என்ன நடக்கும் என்பது முழுவதும் தெரியுமா? 'நிறுத்து' என்று சொல்லும் உரிமை உங்களுள் யாருக்கு இருக்கின்றது? இவ்விரண்டுக்கும் அவர்கள் தயங்காமல் விடை சொன்னால், விளக்கையும் காமிராவையும் கொடுத்து வழியனுப்புங்கள். படம் முடிந்து காட்டும்போது, கடைசியில் ஓடும் பெயர்களையும் எழுந்து போகாமல் படித்துவிட்டு வாருங்கள்.